கூவக் கூடாத இடம்

பேசாதீங்கன்னு வாசல்லயே போர்டு. அஞ்சாறு பாஷையில எழுதி, எழுத்து தெரியாதவனுக்கு ஒரு படமும் போட்டிருக்கான், உதட்டு மேல ஒத்த வெரல். எனக்குச் சிரிப்பு வந்துது. ரோமாபுரிக்காரன் எனக்குன்னே செலவு பண்ணி அடிச்ச மாதிரி இருக்கு. நாந்தான் மூணு வாரமா வாயத் தொறக்கலியே, எனக்கு எதுக்குய்யா போர்டு. ஜெசிந்தா போர்டப் பாத்தா, திரும்பி என்னப் பாத்தா, கேட்டுக்கிட்டீங்களாங்கிற மாதிரி புருவத்தத் தூக்குனா. எம் பொண்டாட்டி. மிமிக்ரி பண்றவனக் கட்டிக்கிட்டு, கல்யாணமான நாள்லேர்ந்து 'கொஞ்ச நேரம் உங்க குரல்ல பேசுங்களேன்'னு கெஞ்சிக்கிட்டுக் கெடந்தவ. காலையில காப்பி கேட்டா அவ அப்பா குரல்ல கேப்பேன், ராத்திரி லைட்ட அணைன்னு சொன்னா பங்குச் சாமியார் குரல்ல சொல்லுவேன், மனுசி என்ன செய்வா. எது என் குரலுன்னு ஒரு நாள் அவகிட்டயே கேட்டேன். யோசிக்கவே இல்ல. 'பொய் சொல்லும்போது ஒண்ணு வரும் பாருங்க, அதுதான்'னா. இப்ப அதுவும் இல்ல. ஒரு தட்டு தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்ல, அவ தோள்லதான் தட்டணும், அவ்வளவுதான் எங்க குடும்பப் பேச்சு. படி கீழ போய்க்கிட்டே இருக்கு. மேல வெயிலு, கீழ ஐஸ் பொட்டிக்குள்ள தலையக் குடுத்த மாதிரி காத்து, மீன் வாட மட்டும் இல்ல. செத்தவங்கள அடுக்கி வச்ச பாதாளம்னு சொன்னாங்க, பாத்தா எலும்பு ஒண்ணும் இல்லியாம், எல்லாத்தயும் என்னைக்கோ எடுத்துட்டாங்களாம், காலிக் குழிதானாம். காலியா இருக்கிறதப் பாக்கவா டிக்கெட்டு எடுத்தோம்னு எங்க கூட்டத்து ததேயுஸ் அண்ணன் வாசல்லயே சத்தம் போட்டாரு. எனக்கு என்னமோ காலியா இருக்கிறதுதான் பயமா இருக்கு. ஆளு இருந்தா சரி, இவருக்குத்தான் இந்த எடம்னு விட்டுட்டுப் போயிரலாம். காலியா இருந்தா வாங்க உக்காருங்கன்னு கூப்பிடுற மாதிரில்லா இருக்கு. நான் வரல வே. எங்க ஊரு கல்லறையிலயே எனக்கு எடம் இருக்கு, கடல் காத்து வரும், உங்க ஐஸ் பொட்டி எனக்கு வேண்டாம். படி ஈரமா இருக்கு. ஜெசிந்தா கையப் பின்னால நீட்டுதா, பாக்காமலே நீட்டுதா, நான் புடிச்சிக்கிறேன். அவ கையும் குளுந்துதான் கெடக்கு. மதுரையில அந்த டாக்டரு ரூம்லயும் இதே குளிருதான். பேனாவ அமுக்கிக்கிட்டே பேசுற மனுசன். மிஸ்டர் கஸ்பார், டிக், உங்க தொண்டையில, டிக், சத்தம் போடுற சவ்வு மேல, டிக், ஒரு சின்ன வளத்தி. எடுத்துட்டுத்தான், டிக், என்னன்னு பாக்கணும். ஜெசிந்தா கேட்டா, குரலு திரும்ப வருமா டாக்டர்னு. வரும், எது வரும்னு இப்ப சொல்ல முடியாதுன்னாரு. எது வரும்னு. நான் என்ன செஞ்சேன், புத்தி இருக்கா எனக்கு, நாக்க அண்ணத்துல ஒட்டி டிக்னு ஒண்ணு விட்டு, புரியுது டாக்டர், டிக், அப்ப நான் பேசக் கூடாது, டிக், அப்படித்தானன்னு அவரு குரல்லயே கேட்டேன். அவரு பேனாவத் திருப்பித் திருப்பிப் பாக்காரு, அதுதான் பேசிட்டோன்னு. ஜெசிந்தா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, சிரிச்சு முடிக்கும்போது கண்ணு ரெண்டும் நெறஞ்சிட்டு. அந்த எடத்துலயே நேர்ச்சை வச்சிட்டா. ஏற்கனவே பங்குல ரோமாபுரி யாத்திரைக்குப் பேரு குடுத்திருந்தோம். போயிட்டு வந்து கத்தி வைக்கிற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு வாயிலேர்ந்து ஒரு சத்தம் வராது, புனித பேதுருவே நீரு பாத்துக்கிடும்னு. நேர்ந்துக்கிட்டது அவ. பேசாம கெடக்கிறது நான். நல்ல பங்கு பாகம். டாக்டரு கெளம்பும்போது தனியா ஒண்ணு சொன்னாரு. பேசுறது கூட ரெண்டாம்பட்சம், அந்தச் சேவல் கூவல் பண்ணுவீங்களாமே, அது கூடவே கூடாது, டிக், அதுல சவ்வு கிழிஞ்சிரும்னு.

கீழ எங்களுக்கு வழி காட்ட ஒரு சிஸ்டர். சிஸ்டர் லிஸி, மலையாளத்துக்காரவிய, எங்க கூட்டம் தமிழ்க் கூட்டம்னு தேடிப் பிடிச்சு இவியள விட்டிருக்காங்க. 'எல்லாரும் ஒட்டி நில்லுங்ஙோ. வழி தெற்றிப் போயால் பின்னெ நான் உத்தரவாதம் இல்லா.' வழி தவறுனா அவிய பொறுப்பு இல்லியாம். ஐயோ. என்ன குரலு. மூக்கு பாதி, நெஞ்சு பாதி, அது யாரு வேணும்னாலும் பண்ணிரலாம், ஆனா ஒவ்வொரு பேச்சோட கடைசியிலயும் ஒரு சின்ன மூச்ச உள்ள இழுக்குதாவ பாரு, சூடான பழம்பொரியக் கடிச்சவங்க மாதிரி, அங்கதான் ஆளே இருக்கு. அந்த மூச்சுல புடிச்சேன்னா சிஸ்டரோட அம்மாவே ஏமாந்துருவாவ. நாக்கு தன்னால மடியுது. தொண்டைக்குள்ள எச்சில் உருண்டு வருது, கூண்டுக்குள்ள கோழி எறகடிக்கிற மாதிரி. ஜெசிந்தா எம் முழங்கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குதா. எப்படித்தான் தெரியுமோ. முதுகுல கண்ணு. கூட வந்த ரோஸ்லின் டீச்சர் எம் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு வாய அகலமாத் தொறந்து கேக்காவ, 'கஸ்பார்! குளிருதா? கு-ளி-ரு-தா?' பேசாதவனுக்குக் காதும் கேக்காதுன்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ, மூணு வாரமா ஊரே எங்கிட்டக் கத்துது. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு 'அ' சொல்லிக்குடுக்குற வாயி டீச்சருக்கு. எனக்கு அந்த வாயும் வேணும், அப்படியே மடிச்சுப் பைக்குள்ள வச்சிக்கிடணும் போல இருக்கு. ஒரு தட்டு தட்டுனேன், ஆமா, குளிருது. டீச்சர் திரும்பிப் பின்னால வர்றவங்ககிட்ட சொல்லுதாவ, கொரலக் கொறைக்காமலே, 'பாவம், எப்படிக் கூவுவாரு. நம்ம பாஸ்காவுல அந்தச் சேவலு, அந்த மாதிரிச் சேவலு இனி எங்க.' நான் இங்கதான் இருக்கேன் டீச்சர். ரெண்டடி முன்னால. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு நடந்துதான் போறேன். பின்னால யாரோ ச்ச் ச்ச்னு கொட்டுதாங்க, பல்லி. அதுக்கும் ஆறுதல் ஒண்ணு வருது, 'அதனால என்ன, போன வருசம் மைக்குல புடிச்சது போன்ல இருக்கு, அதப் போட்டுக்கிடலாம், கமிட்டியில பேசியாச்சு.' பேசியாச்சா. எங்கிட்டயா? நான் செத்தா கூட என் வீட்டு வாசல்ல வந்து கேட்டுட்டுத்தான்யா தூக்கணும்.

போன்ல புடிச்ச சேவலுக்கு என்ன தெரியும். எங்க பங்குல தவக்காலத்துல பாஸ்கா போடுவோம், ஆண்டவரோட பாடுகள் நாடகம், கடக்கரை மணல்ல மேட போட்டு. பேதுருவுக்கு எப்பவும் ததேயுஸ் அண்ணன்தான். வெசப்படகு வச்சிருக்கிற மனுசன், தாடி ஒட்ட வேண்டாம், வல இழுத்து இழுத்துக் கை ரெண்டும் துடுப்பு மாதிரி, அப்படியே பேதுரு. நான் மேடைக்குப் பின்னால, படுதாவுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல. பேதுரு மூணு தரம் ஆண்டவர எனக்குத் தெரியாதுங்கணும், மூணாவது தரம் சொல்லி வாய மூடுற முன்னால சேவ கூவணும். மூடிட்டா போச்சு. மூடுற முன்னால, அந்த முடி அளவு எடத்துல. ஒரு வருசம் அண்ணன் ரெண்டு தரம் சொல்லிட்டு நிக்காரு. மூணாவது மறந்து போச்சு. வேலைக்காரியா நடிக்கிறவன் பக்கத்துல வந்து, 'நீரும் அவரோட இருந்தவருதான'ன்னு கேக்கான். அண்ணன் முழிக்காரு. திரும்பக் கேக்கான். அண்ணன் கூட்டத்தப் பாக்காரு, கடலப் பாக்காரு. டைரக்டரு பின்னால வந்து எங்காதுல, கூவித் தொலையுமய்யா, தப்பிச்சிரலாம்ங்காரு. மாட்டேன்னுட்டேன். மறுதலிக்காதவன எப்படிய்யா மறுதலிச்சான்னு கூவுறது, அதுவும் பேதுருவ. மூவாயிரம் பேரு மணல்ல மூச்சுவிடாம உக்காந்திருக்கான். ஜெனரேட்டரு மட்டும் கடகடன்னு. கடைசியில அண்ணன் பொறுக்காம மேடையிலேர்ந்தே படுதாவப் பாத்துக் கத்துனாரு, 'எனக்கு ஒண்ணுமே தெரியாது, என்ன விட்டுருங்கய்யா!' அழுகாரு, நெசமாவே அழுகாரு. அந்த வாய் மூடல, அதுக்குள்ள கூவுனேன். அன்னைக்கு அழாத ஆளே இல்ல. போன்ல புடிச்ச சேவ இதச் செய்யுமா? பட்டன அமுக்குனா கூவிரும். அண்ணன் மறந்து நின்னாலும் கூவிரும், ரெண்டாவதுலயே கூவிரும், அதுக்கென்ன, அதுக்குப் பேதுருவத் தெரியுமா. நான் கூவுறத விட அதிகம் காத்திருப்பேன். சத்தத்த எவன் வேணும்னாலும் புடிச்சு வச்சிக்கிடலாம். காத்திருக்கிறத எப்படிடா புடிப்பீங்க, எந்தப் போன்ல புடிப்பீங்க.

சந்து ஒடுங்கிக்கிட்டே போகுது. ரெண்டு பக்கமும் செவுத்துல அலமாரி மாதிரி அடுக்கடுக்காக் குழி, ஆளு நீளத்துக்கு. ரயில்ல படுக்கை இருக்கும்லா, அந்த மாதிரி, கீழ ஒண்ணு நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு. கடைசிப் படுக்கைக்காரன் எப்படி ஏறுவான்னு ஒரு நெனப்பு வந்துது, பாரு என் புத்திய. நடுவுல நடுவுல சின்னச் சின்னக் குழி, கையால ஒரு முழம் வராது. 'இதெல்லாம் குழந்தைகள். அந்தக் காலம் குழந்தைகள் ஒரு பாடு மரிச்சு போயி'ங்காவ சிஸ்டர், மூச்ச உள்ள இழுக்காவ. ஒரு பாடுன்னா நெறையவாம். நான் கண்ண எடுத்துட்டேன். மஞ்ச லைட்டு, அதுக்கப்புறம் கொஞ்சம் இருட்டு, அதுக்கப்புறம் மஞ்ச லைட்டு. செவுரு சுண்ணாம்பும் இல்ல செம்மண்ணும் இல்ல, தொட்டா பொடி ஒட்டுது. ஈரம். இத நான் எங்கயோ பாத்திருக்கேன்னு தோணிக்கிட்டே இருந்துது, எங்க எங்கன்னு நடக்கேன், திடீர்னு பொறி தட்டுன மாதிரி, அட, எந் தொண்டை. மூக்கு வழியா ஒரு கறுத்த வயர விட்டு, நுனியில லைட்டோட, டிவியில காட்டுனாரு டாக்டரு. செவந்த சந்து. ஈரம். போய்க்கிட்டே இருக்கு. கடைசியில வெள்ளையா ரெண்டு கதவு, 'ஈ'ங்கச் சொன்னா சாத்துது, மூச்சு விட்டா தொறக்குது. ஒரு கதவுல மட்டும் குந்துமணி மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு. ஏலே நீ யாருலேன்னு கேட்டேன், மனசுக்குள்ள. இத்தன வருசம் இந்த ரெண்டு கதவுலேர்ந்துதான் பிஷப்பு வந்தாரு, மந்திரி வந்தாரு, ஏலக்காரன் வந்தான், டிரெயின் வந்துது, எம் மாமனாரு வந்தாரு, பூன வந்துது. ஒரு ஊரே உள்ள இருந்துது. எல்லாரும் இந்த வழியாத்தான் போயிட்டு வந்தாங்க, ஒருத்தரும் வாடகை குடுக்கல, நீ மட்டும் வாசல்லயே ஒக்காந்துக்கிட்டு யாரையும் விட மாட்டேங்கிற. அடுத்த வாரம் கத்தியோட வருவாரு டிக்கு டாக்டரு. உன்ன எடுக்கும்போது கூட யாரெல்லாம் போவாங்க? பிஷப்பு போவாரா? போகட்டும், அவரு எல்லாத்துக்கும் ரெடியாத்தான் இருப்பாரு. பூன? பூனையப் போக விடமாட்டேன், பேத்திக்குப் பூனதான். அவ போன்ல 'தாத்தா மியாவ்'ங்கா, நான் இந்தப் பக்கம் போனத் தட்டுதேன், டொக்கு. 'மியாவ் சொல்லு தாத்தா.' டொக்கு. அவ போன அம்மாட்டக் குடுத்துட்டுப் போயிட்டா. அது போதும். அதுக்கு மேல அத நெனைக்கக் கூடாது. நெனைக்கக் கூடாதுன்னா நெனப்பு வேற எங்க போகும், சந்து ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு பக்கமும் குழி.

நல்ல வேள, மீனு வந்துது. ஒரு குழிய மூடியிருந்த பளிங்குப் பலகை செவுத்துல சாத்தி வச்சிருக்கு, அதுல மீனு ஒண்ணு வெட்டியிருக்கு. பக்கத்துல நங்கூரம். எங்க ஆளுக மொத்தமும் நின்னுட்டு. நிக்காம? கடல்காரனுக்கு முன்னால மீனக் காட்டிட்டா நகருவானா? சிஸ்டர் சொல்லுதாவ, ஆதிக் கிறிஸ்தவங்க வெளிய தெரியாம இருக்க மீனத்தான் அடையாளமா வச்சாங்க, மீனுன்னா இயேசுன்னு. ததேயுஸ் அண்ணன் கண்ணாடிய நெத்தியில தூக்கிவிட்டுட்டுக் குனிஞ்சு பாத்தாரு. 'இது பாற.' பின்னாலேர்ந்து ஒரு குரலு, 'பாறைக்கு வயிறு இப்படியா இருக்கும்? ஊளி.' 'ஊளி இம்புட்டுக் குட்டையாவா இருக்கும், வெளமீன்லா இது.' ரோஸ்லின் டீச்சர் பல்லக் கடிக்காவ, 'அண்ணே, அது இயேசு.' 'இயேசுதான் டீச்சர், யாரு இல்லன்னா. ஆனா என்ன மீனு?' சிஸ்டர் லிஸி எதையும் தாங்குற மொகம், ஆனா இப்பத்தான் மொத மொறையா லேசா ஆடுது. 'அது... மீன். சாதாரண மீன்.' 'சாதாரண மீனுன்னு ஒண்ணு கடல்ல கெடையாது சிஸ்டர்'ங்காரு அண்ணன், ரொம்ப மரியாதையா. எனக்குத் தெரியும் என்ன மீனுன்னு. தாடையக் கவனிக்கல ஒருத்தனும். தாடைக்குக் கீழ ரெண்டு மீசை இழை, எவனோ ஒரு வேலக்காரன் ரசிச்சு வெட்டியிருக்கான். நவர. நவர மீனுய்யா. அண்ணன் எங்கிட்டத் திரும்புனாரு, 'கஸ்பாரு, நீ சொல்லு. பாறதான?' ரெண்டு தட்டு. 'அப்ப ஊளியா?' ரெண்டு தட்டு. 'வெளமீனு?' ரெண்டு தட்டு. வாளயா, சீலாவா, சூரையான்னு கடலக் கலக்கி எடுத்தாச்சு, எந் தட்டுல ஜெசிந்தா தோளு செவந்திருக்கும், நவரங்கிற பேரு மட்டும் ஒருத்தன் வாயிலயும் வரல. வாய்க்குள்ள பல்லுக்குப் பின்னால ரெடியா நிக்குது அந்தச் சொல்லு, வால ஆட்டிக்கிட்டு. தாடியத் தடவிக் காட்டுனேன். 'ஆட்டு மீனா? அப்படி ஒண்ணு இருக்கா?' ஒரு சொல்லு. சவ்வு கிழியாது, மெதுவாச் சொல்லலாம், காத்தா விட்டாக் கூடப் போதும். ஜெசிந்தா என்னப் பாக்கா. நேர்ச்சைங்கா கண்ணால. சரி தாயே. முழுங்கிட்டேன். நவர உள்ள போயிட்டு. இந்த மாதிரி இன்னும் எத்தன முழுங்கணும். முழுங்கி முழுங்கி ஒரு நாள் முழுங்குறதே பழகிரும், அப்புறம் குரலு வந்தாலும் ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான். அதுதான், கத்தி இல்ல, கத்திக்கு நான் பயப்படல, அதுதான் பயமா இருக்கு. இவனுங்க எல்லாம் அலமாரியில படுத்த மாதிரி நானும் மெதுவா, யாருக்கும் தொந்தரவு இல்லாம, வெரல உதட்டு மேல வச்சிக்கிட்டு.

சந்து முடியிற எடத்துல ஒரு சின்ன அறை, பாறையக் கொடஞ்சது, நடுவுல கல்லு பீடம். எங்க கூட்டம் நெருக்கிப் புடிச்சு நின்னுது. பக்கத்துச் சந்துல வேற ஒரு கூட்டம் போகுது, இத்தாலிக்காரங்க, மேல டிக்கெட் வாங்குற எடத்துலயே பாத்தேன், செவப்பு மப்ளரு போட்ட ஒரு குண்டு மனுசன் எதையோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிக்கிட்டு இருந்தான், என் ஜாதி, பாத்ததுமே தெரியும். இப்ப அவன் சத்தமும் இல்ல. கூட வந்த ஃபாதர் ஜெரால்டு பீடத்துக்கு முன்னால திரும்பி நின்னு மெல்லச் சொன்னாரு, 'கல்லறைத் திருநாள்ல நம்ம ஊர்ல செய்ற மாதிரியே செய்வோம். மெழுகுவர்த்தி ஏத்த விடமாட்டாங்க. அவங்கவங்க வீட்டுல மரிச்சவங்க பேர ஒவ்வொருத்தராச் சொல்லுங்க, எல்லாரும் சேந்து நித்திய இளைப்பாற்றி சொல்லுவோம்.' ஆளாளுக்குச் சொல்லுதாங்க. பேரச் சொன்ன உடனே கூட்டம் கும்முனு எடுக்குது, நித்திய இளைப்பாற்றி, முடிவில்லாத ஒளி, ஆமென். மெசின் மாதிரி. எங்க ஆளுகளுக்கு இது தூக்கத்துலயும் வரும், ஊருல எத்தன கல்லறையில நின்னு சொல்லியிருக்கோம், அலை அடிக்கிற மாதிரி, ஒண்ணு முடியுமுன்னால அடுத்தது. ததேயுஸ் அண்ணன் கடல்ல போன தம்பி பேரச் சொன்னாரு. ஆமென். ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்காரரு பேரச் சொன்னாவ. ஆமென். ஜெசிந்தா முறை வந்துது. அவ அப்பா, அந்தோனிக்குட்டி பர்னாந்து. ஆமென். அம்மா, விக்டோரியா. ஆமென். முடிஞ்சிதுன்னு நெனச்சேன். அவ எஞ் சட்டைக் கையப் புடிச்சிக்கிட்டே இருக்கா. 'எங்க வீட்டுக்காரரு...'ன்னு தொடங்குனா.  'எங்க வீட்டுக்காரரு குரலுக்காக'ன்னா. குணமாகணும்னு சொல்ல வந்தவ. சொல்லல, அதுக்கு முன்னால மூச்சு முட்டி நிறுத்திட்டா, கூட்டத்துக்கு நிறுத்துனாப் போதும், கும்முனு எடுத்துட்டான், நித்திய இளைப்பாற்றிய அதுக்குக் குடுத்தருளும் ஆண்டவரேன்னு. பாதியில ஃபாதருக்கு ஒறச்சிட்டு, கைய ஆட்டுதாரு, வேண்டாம் வேண்டாம்ங்கிற மாதிரி. நிக்குமா? எறங்குன வண்டி. முடிவில்லாத ஒளி அது மேல ஒளிரட்டும்னு நாப்பது வாயும் சேந்து சொல்லி, ஆமென் வரைக்கும் போய்த்தான் முட்டி நின்னுது. எங் குரலுக்கு. நான் நிக்கேன், பக்கத்துலயே, கையக் கட்டிக்கிட்டு.

யாரும் அசையல. இருமல் கூட இல்ல. ரோஸ்லின் டீச்சர் கை வாய்க்குப் போயிட்டு. ஃபாதர் சிலுவைய உருட்டுதாரு. ஜெசிந்தா மொகம் வெளுத்துப் போச்சு, நான் அப்படிச் சொல்லலங்க, அப்படிச் சொல்லலன்னு உதடு மட்டும் அசையுது, இப்ப சத்தம் வராதது அவளுக்கு. அந்த அமைதி இருக்கு பாரு. எனக்கு அமைதி எல்லாத்தயும் தெரியும், முப்பது வருசமா அதுல தான பொழப்பு. சிரிக்கப் போற கூட்டத்தோட அமைதி வேற, கல்ல எடுக்கப் போற கூட்டத்தோட அமைதி வேற, தூங்குற கூட்டம் வேற. இது அந்த மணல்ல கேட்ட அமைதி. மூணாவது தரம் சொல்லாம அண்ணன் முழிச்சிக்கிட்டு நின்னப்ப, மூவாயிரம் பேரு விடாம வச்சிருந்த மூச்சு. ஆனா இந்தத் தடவ மறந்தது யாரு? நான் யோசிக்கேன், வேகமா ஓடுது, என்ன செஞ்சிட்டாங்க இவங்க, எந் தொண்டைக்குக் கருமாதி முடிச்சாச்சு, பூச வச்சாச்சு, ஆமென் சொல்லி மூடியாச்சு. நானும் தலையக் குனிஞ்சு கையக் கட்டி நின்னேனே, ஒரு வேள நானும் கூடச் சேந்து மனசுக்குள்ள ஆமென்னு சொன்னேனா? சொல்லியிருப்பேன். பழக்கதோசம். அதுதான் எரியுது. ஒரு தரம் டாக்டருகிட்ட சரின்னேன். ரெண்டாவது தரம் கமிட்டிக்காரன் போன்ல போட்டுக்கிடலாம்னான், பேசாம நடந்து வந்தேன். இப்ப இது. மூணு ஆச்சு. என்ன எனக்கே தெரியாதுன்னு மூணு தரம் நானே சொல்லிட்டேனே வே, வாயத் தொறக்காமலே சொல்லிட்டேனே, அப்ப இன்னும் எதுக்குக் காத்திருக்கேன்? சவ்வு கிழியும், டிக். கிழிஞ்சா? ரத்தம் வரும், டிக். வரட்டும். கத்தி அடுத்த வாரம் எடுத்துக்கிட்டுப் போறதப் போகட்டும், அது திருட்டு, நானாக் குடுக்கல. ஆனா எங் குரலோட கடைசிச் சொல்லு ஒரு ஆமெனா இருக்கக் கூடாது. அதுவும் அடுத்தவன் சொன்ன ஆமெனு. இந்தக் குழிக்காரங்களுக்கும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க, அலமாரி காலியா இருக்குன்னு பாக்காதீங்க, இந்த ஆளு வரல. ஃபாதர் வாயத் தொறக்கப் போறாரு, மன்னிப்புக் கேக்கவோ அடுத்த பேரக் கூப்புடவோ, உதடு பிரியுது, சொல்லு வரல இன்னும், அந்த முடி அளவு எடம், நெஞ்ச விரிச்சேன், கழுத்த நீட்டுனேன், முழங்கை ரெண்டும் தன்னால எறக்கை மாதிரி ஒதறுது.

கொக்கரக்கோன்னு அது கெளம்பிப் போச்சு. நான் பண்ணல, அதுவா போச்சு. நடுவுல ஒடைஞ்சுது, எனக்கே கேட்டுது, வழக்கமா வழுக்கிக்கிட்டு மேல ஏறுற எடத்துல சரளைக் கல்லுல சைக்கிள் போன மாதிரி கரகரன்னு, ஒரு எடத்துல சத்தமே இல்ல, காத்து மட்டும், அப்புறம் அந்தப் பக்கம் போயி ஏறிக்கிட்டு. அட. நெசச் சேவ இப்படித்தான கூவும். வயசான சேவ, சண்டையில கொண்டை கிழிஞ்ச சேவ, ஒடைஞ்சிதான கூவும். முப்பது வருசமா நான் கூவுனது எல்லாம் படத்துல வர்ற சேவ போல, சுத்தமா, மொழுமொழுன்னு. சந்து சந்தா அது ஓடுது. எந்தக் குழியில முட்டித் திரும்புதுன்னே தெரியல, வலப்பக்கம் கேக்குது, கீழ கேக்குது, விடியாத எடத்துல விடியுதுன்னு சொல்லிக்கிட்டு ஓடுது. 'ஈசோயே!'ன்னு இயேசுவக் கூப்பிட்டு சிஸ்டர் லிஸி நெஞ்சுல கைய வச்சிட்டாவ.   அப்ப ததேயுஸ் அண்ணன், கண்ணாடி நெத்தியில, ரெண்டு துடுப்புக் கையும் விரிச்சு, நெசமான பதட்டத்தோட கத்துனாரு, 'ஏலே கஸ்பாரு! நான் இன்னும் ஒரு தரம் கூட மறுதலிக்கலியேலே!' சிரிப்பு வெடிச்சிட்டு. ரோஸ்லின் டீச்சருக்கு மொதல்ல, அப்புறம் ஃபாதருக்கு, அப்புறம் மொத்தக் கூட்டமும், செத்தவங்க வீட்டுல சிரிக்கிற சிரிப்பு இருக்கும்லா, நிறுத்த நிறுத்தப் பொங்குற சிரிப்பு, செவுத்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்காங்க. ஜெசிந்தா சிரிக்கல. எந் தாடையப் புடிச்சுத் திருப்புனா. 'ஆ காட்டுங்க.' போன் லைட்ட அடிச்சு வாய்க்குள்ள எட்டிப் பாக்கா, அவளும் ஒரு சந்துக்குள்ள எறங்குற மாதிரி. எரியுது உள்ள. உப்பா கசப்பான்னு தெரியல ஒரு ருசி. 'ரத்தம் இல்ல'ன்னா. லைட்ட அணைக்கல. 'நேர்ச்சை போச்சு. ஊருக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு.'  நான் ஒரு தட்டு தட்டுனேன். ஆமா, இருக்கு எனக்கு. 'இன்னொரு தரம் வாயத் தொறந்தீங்க...'ன்னு வெரல நீட்டுனா.

அப்பத்தான் கேட்டுது. பக்கத்துச் சந்துலேர்ந்து, இருட்டுக்குள்ளேர்ந்து, ஒரு ஆம்பளக் குரலு. கிக்கிரிக்கீ. எங்க ஊருச் சேவ இல்ல, கொக்கரக்கோ இல்ல, கிக்கிரிக்கீ. செவப்பு மப்ளரு. அவன் கூட்டம் சிரிக்குது, கை தட்டுது. திரும்பவும் கூவுதான், இன்னும் நீளமா, கடைசியில ஒரு சுழி போட்டு, முடிஞ்சாப் பாருன்னு. வயித்துலேர்ந்து வரல அவனுக்கு, மூக்குலேர்ந்து வருது, கடைசியில அவசரப்பட்டுட்டான், ஆனா தைரியமான சேவ. ஒரு சேவ கூவி இன்னொண்ணு பதிலு சொல்லாம இருந்ததா எந்த ஊருலயும் சரித்திரம் கெடையாது. எங்க ஆளுக சிரிப்ப நிறுத்திட்டு என்னப் பாக்காங்க. ததேயுஸ் அண்ணன் பாக்காரு, சிஸ்டர் லிஸி பாக்காவ, வழி தெற்றிப் போனவங்க மாதிரி. நான் யாரையும் பாக்கல. ஜெசிந்தாவப் பாக்கேன். டிக், டிக்குங்குது உள்ள. நீட்டுன வெரலு அப்படியே நிக்குது அவளுக்கு. இருட்டப் பாத்துத் திரும்புனா, கழுத்த ஒரு மாதிரி நிமித்துனா, சேலத் தலைப்ப இழுத்துச் சொருவுனா, மீன் கடையில எவனாவது எடையில கை வச்சா நிமித்துவாளே, அந்தக் கழுத்து.

'யாருங்க அவன்? நம்மகிட்டயே கூவுதான்?'

நீட்டுன வெரல மடக்குனா. போன் லைட்ட அணைச்சா. அரை அடி தள்ளி நின்னு எனக்கு எடம் விட்டா. மப்ளருக்காரன் சிரிப்பு இன்னும் முடியல, முடியட்டும், முடியிற முன்னால ஒரு முடி அளவு எடம் வரும், எனக்குத் தெரியும் அது எங்க வரும்னு. மூச்ச இழுத்து வச்சிக்கிட்டு நிக்கேன்.